பின்பக்கம் இல்லாத படகு

ஆனையூர்,
24.8.2025

திரு. பீமாராவ் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர் கனகலட்சுமி மேடம் சொன்னதற்காக எழுதுகிறேன். "போன்ல பேசுனா ரெண்டு பேரும் கத்துறீங்க. டிசம்பர் வரைக்கும் பேப்பர்ல பேசுங்க. எழுதுனதை அடிச்சுட்டு மாத்தி எழுதலாம். பேசுனதை என்ன செய்வீங்க?" என்றாரே. டிசம்பர் பதினாறாம் தேதி நாம் இரண்டு பேரும் போய், 'ஆமாம், பிரிகிறோம்' என்று இன்னொரு தடவை சொன்னால் விவாகரத்து கிடைத்துவிடும். அதுவரை இந்தக் கடிதங்கள்.

ஆளுக்கு ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டோம். நான் எதையும் மறைத்து வைத்து, எல்லாம் முடிந்த பிறகு சொல்லக் கூடாது என்றீர்கள். சரி. என் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட யோசனை சொல்லக் கூடாது என்றேன். ஏன் என்று மேடம் கேட்டார். இப்போது எழுதிவிடுகிறேன். போன படத்துக்கு நான் போட்ட அரண்மனை செட்டைப் பார்க்க உங்களை ஆசையாகக் கூட்டிப் போனேன். நீங்கள் நேரே பின்னால் போய்ச் சவுக்குக் கட்டையையும் சாக்குத் துணியையும் பார்த்துவிட்டு, "என்ன வாணி, முன்னாடி மட்டும்தான் இருக்கு, பின்னாடி ஒண்ணுமே இல்லையே" என்றீர்கள். என்னோடு வேலை செய்கிற அத்தனை பேர் முன்னாலும். எனக்கு அது போதும்.

செய்தி என்றால் ஒன்று உண்டு. ஒரு படத்துக்குப் படகு கட்டுகிறேன். உதவியாளராக இல்லை, இந்த முறை கலை இயக்கம் என்று என் பெயர் மட்டும் வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் ஊர் சனத்தை அக்கரை சேர்க்கிற ஒரு படகோட்டிப் பெண்ணின் கதை. லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட் ஒன்றை ஆனையூரில் வாடகைக்கு எடுத்து, மேலேயே தங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்வாணி


உசிலம்பட்டி,
31.8.2025

அன்புள்ள வாணிக்கு,

கடிதம் கிடைத்தது. 'திரு.' என்று பார்த்ததும் துறையிலிருந்துதான் மெமோ அனுப்பிவிட்டார்கள் என்று பயந்துகொண்டே பிரித்தேன். மாமா என்று கூப்பிட்ட வாய்க்கு 'திரு.' எப்படித்தான் வந்ததோ.

அரண்மனை விஷயம் உன் மனதில் இத்தனை நாள் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுதியது நல்லது. அதற்குப் பதில் இன்னும் என்னிடம் தயாராக இல்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கால்நடை மருந்தகத்தில் வழக்கம்போல் கூட்டம். காளை என்று ஒரு விவசாயி பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். வயிறு உப்பித் தம்பட்டம் மாதிரி இருந்தது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை வைத்திருக்கிறார். "ஆசைக்கு வச்சேன் டாக்டர்" என்றார். மாடு பிழைத்துவிட்டது. மனுஷன்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

படகு சந்தோஷமான செய்தி. யோசனை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கலாமா? புதுப் பலகையை நூறு வருஷப் பலகையாக எப்படி மாற்றுவாய்? அப்புறம், இந்த வறண்ட சீமையில் உன் படகு எங்கே மிதக்கப் போகிறது?

அன்புடன்,
பீமா


ஆனையூர்,
10.9.2025

பீமாராவ் அவர்களுக்கு,

கேள்வி கேட்கலாம். கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

முதலில் அட்டையில் கையளவு படகு ஒன்று செய்தோம். இயக்குநர் அதை மேஜை மேல் வைத்து, தரையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "மூக்கை இன்னும் தூக்குங்க. கோவத்துல இருக்கிற பொம்பளை மாதிரி" என்றார். ஐந்து அட்டைப் படகுகள் வீணான பிறகுதான் அந்தக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு ஷெட் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே இரும்புப் பட்டைகளை வளைத்து விலா எலும்பு மாதிரி நிறுத்தினோம். வெல்டிங் எல்லாம் முகமது ஆசிப். லாரிக்கு பாடி கட்டிப் பழகின கை. "எல்லாம் சரிக்கா, நம்பர் பிளேட்டு எங்க மாட்டுறது?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிடுவான்.

பலகை, பேக்கிங் பெட்டிகளை உடைத்து எடுத்தது. அதை லேசாகத் தீயில் காட்டிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மெத்தென்ற பாகம் உதிர்ந்து ரேகை மட்டும் எழும்பி நிற்கும். பிறகு கடுந்தேயிலைச் சாறு. அது காய்ந்ததும், துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்ட தண்ணீர். அது பட்டதும் பலகை கண்ணெதிரே கிழடாகிறது. படகோட்டி உட்காருகிற இடத்தையும் அவள் கை பிடிக்கிற விளிம்பையும் மட்டும் நான் தேய்த்துத் தேய்த்து எண்ணெய் விட்டு வழவழப்பாக்கினேன். அவள் முப்பது வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் இல்லையா?

படப்பிடிப்புக்கு இயக்குநர் தேர்ந்தெடுத்த கண்மாய் உங்கள் பக்கம்தான், உசிலம்பட்டிக்கு அந்தப்புறம். என் ஏற்பாடு இல்லை. தயவுசெய்து அங்கே வர வேண்டாம். தண்ணீரில் படகு எப்படி இருக்கும் என்கிறீர்களா? நன்றாக ஆடும்.

இப்படிக்கு,
தமிழ்வாணி


உசிலம்பட்டி,
5.10.2025

அன்புள்ள வாணிக்கு,

உன் படகைப் பார்த்துவிட்டேன். கண்மாய்க்கு வரவில்லை, அதுதான் என்னைத் தேடி வந்தது.

ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். கை தோள்பட்டை வரைக்கும் உள்ளே. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரே சத்தம். "டாக்டர், லாரியில கப்பல் போகுது!" என்று காளை கத்துகிறார். சந்தைக்கு வந்த ஆடுகள் மிரண்டு ஓட, டவுன் பஸ் நடுரோட்டில் நிற்க, டிரைவர் இறங்கிப் போட்டோ எடுக்கிறார். நான் கையை உருவிக்கொண்டு வெளியே ஓடி வருவதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. ஆனாலும் பார்த்தேன். இந்தப் பக்கம் முழுசாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் தார்ப்பாய் போட்டிருந்தது. அசல் கிழட்டுப் படகு, வாணி. அந்தக் கோபக்கார மூக்கு யார் மூக்கு என்று எனக்குத் தெரியும். இயக்குநரிடம் சொல்லிவிடாதே.

இது யோசனை இல்லை, பாராட்டு. அது நிபந்தனையில் வராது.

ஒரு மனத்தாங்கலையும் எழுதிவிடுகிறேன். சென்னையில் சாரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாய். கட்டு அவிழ்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு மாதமும் தினசரி போனில் 'நல்லா இருக்கேன்' என்றாய். எனக்கு வலித்தது கை உடைந்ததற்கு மட்டும் இல்லை. மாட்டுக்குக்கூட எங்கே வலிக்கிறது என்று காட்டத் தெரியும். நீ காட்ட மாட்டாய்.

அன்புடன்,
பீமா


ஆனையூர்,
14.10.2025

பீமாராவ் அவர்களுக்கு,

மூக்கைப் பற்றி எழுதியதை வாசித்துத் தனியாகச் சிரித்தேன். ஆசிப் என்ன என்று கேட்டான். நம்பர் பிளேட்டு வந்துவிட்டது என்றேன்.

இரண்டு நாள் படப்பிடிப்பு ஆயிற்று. எல்லாருக்கும் திருப்தி. கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீர். ஊர்க்காரர்கள் இருபது வருஷமாக அதற்குமேல் ஏறியதே இல்லை என்கிறார்கள். தீபாவளிக்குப் பிறகு நடிகையின் தேதி கிடைக்கவில்லை. அதனால் மாதக் கடைசிவரை விடுமுறை. படகை அங்கேயே விட்டுவிட்டுக் காவலுக்கு உங்கள் காளையையே போட்டிருக்கிறோம். அவர் வயல் பக்கத்தில்தானாம்.

கை விஷயம். நீங்கள் ஓடி வந்துவிடுவீர்கள், வந்ததும் வேலையை விடு என்பீர்கள் என்று பயந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

வாணி


உசிலம்பட்டி,
26.10.2025

அன்புள்ள வாணிக்கு,

ஓடி வந்திருப்பேன். வேலையை விடச் சொல்லியும் இருப்பேன். அது உண்மைதான்.

இடுப்பளவுத் தண்ணீர் என்று எழுதியிருந்தாய். அதில் எப்படி வெள்ளத்தைக் காட்டுவாய், பாவம், என்று எனக்கு ஒரு வாரமாகக் கவலை. வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. ஏன் என்று சொல்ல மாட்டேன். உன் வேலை சம்பந்தப்பட்டது. ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். இந்த இரண்டு மாதத்தில் நான் எவ்வளவு திருந்திவிட்டேன் என்று கனகலட்சுமி மேடத்திடம் நீயே சொல்ல வேண்டும். அடுத்த முறை கண்மாய்க் கரை ஏறும்போது நீயே பார்ப்பாய். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

இங்கே எல்லா மாட்டுக்காரர்களும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும்தான்.

அன்புடன்,
பீமா


ஆனையூர்,
1.11.2025

பீமாராவ் அவர்களுக்கு,

கண்மாய்க் கரை ஏறினேன். பார்த்தேன். எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். கண்மாய் கரை தொட்டுக் கிடக்கிறது. படகின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேல் ஒரு கொக்கு.

இப்போது நான் உங்களிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் படகு மிதக்காது. மிதக்கும் என்று நான் எழுதவே இல்லை. ஆடும் என்றுதான் எழுதினேன். கண்மாய்த் தரையில் சிமெண்டு கட்டைகளைப் பதித்து, நான்கு இரும்புக் கால்களை ஊன்றி, அதன் மேல் படகை அச்சில் மாட்டியிருந்தோம். கேமராவுக்குத் தெரியாத பின்பக்கம் பலகையே கிடையாது. அங்கே இரண்டு பேர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஒரு கம்பை அழுத்தினால் படகு அலையில் ஆடுவதுபோல் ஆடும். நடிகைக்கு நீச்சல் தெரியாது. மிதக்கிற படகு நகர்ந்துகொண்டே இருந்தால் கேமராவும் கஷ்டப்படும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் அப்படிக் கட்டினேன். யோசிக்காதது ஒன்றுதான்: தண்ணீர் வரும் என்பது. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது எப்படித் தோன்றும்? கடற்கரையில் பிறந்த ஒருத்தி இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் அந்த அரண்மனைதான். இந்தத் தடவையும் முன்பக்கம் மட்டும்தானா என்று கேட்டுவிடுவீர்கள் என்று பயம். முழுப் படகு கட்டுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

காளையைப் பிடித்துக் கத்தினேன். பாவம், அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "படகுதானேம்மா, தண்ணி வந்தாத் தானா மேல வந்துரும்னு பேசாம இருந்துட்டேன். டாக்டரும் நாலஞ்சு நாளா அதைத்தான சொல்லிக்கிட்டு இருந்தாரு, எங்க வீட்டம்மா படகுக்குத் தண்ணி வருதுன்னு. எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரும்மா!"

ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னீர்கள். எனக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் கால்களைக் கழற்றிக் கரையேற்றியிருப்பேன். உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. 'எங்க வீட்டம்மா' என்று அவர் சொன்னது அதற்கு நடுவில் வந்து நிற்கிறது. என்ன செய்வது என்றே தெரியவில்லை.

வாணி


உசிலம்பட்டி,
5.11.2025

வாணி,

படகுக்குக் கால் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலு கால் உள்ள எத்தனையோ உருப்படியைப் பார்த்திருக்கிறேன், படகைப் பார்த்ததில்லை. இப்படி எழுதுகிறேனே என்று கோபப்படாதே. உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காளையின் கதைதான் எனக்கும்.

நேற்று முதல் முறையாகக் கண்மாய்க்குப் போனேன். உன்னைக் கேட்காமல் போனதற்கு மன்னித்துக்கொள். மூக்கு தெரிந்தது. உன் கையால் தேய்த்த விளிம்பு தண்ணீருக்குள் கிடக்கிறது என்று நினைத்தபோது தாங்க முடியவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதையும் தொடவில்லை. இறங்கிக் கழற்றலாமா என்று காளை கேட்டார். அம்மாவைக் கேட்காமல் வேண்டாம் என்றேன்.

சொல்லக் கூடாது என்றாய், சொல்லவில்லை. ஆனால் அது கட்டுப்பாடு இல்லை, வாணி. பார், வாயை மூடிக்கொண்டேன் என்று உன்னிடம் காட்டிக்கொள்ளும் வீம்பு. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அரண்மனைக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் தொழிலில் எதையும் பின்பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். மாட்டின் முகத்தைப் பார்த்து எந்த நோயும் தெரியாது. முகம் எப்போதும் சாந்தமாகத்தான் இருக்கும். சாணத்தைப் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்கு உன் செட்டிலும் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. நாலு சவுக்குக் கட்டையை வைத்துக்கொண்டு இவள் ஒரு ராஜ்ஜியத்தையே நிறுத்தியிருக்கிறாளே என்று மலைத்துப்போய்த்தான் அப்படிச் சொன்னேன். சொன்ன விதம் தப்பு. என் வாயில் பாராட்டுகூட குற்றப்பத்திரிகை மாதிரிதான் வருகிறது.

கை கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்.

பீமா


ஆனையூர்,
23.11.2025

அன்புள்ள பீமாவுக்கு,

முதலில் உங்கள் நிபந்தனை. நடக்கும்போதே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

படகை இரண்டு டிராக்டர் வைத்து இழுத்துக் கரையேற்றினோம். பலகை எல்லாம் ஊதி அப்பளம்போல் நெளிந்துவிட்டது. இயக்குநர் நிரம்பிய கண்மாயைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தத் தண்ணியை விட்டா கிடைக்காது. படகை மிதக்க வைங்க" என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடிகை நீச்சல் கற்றுக்கொள்கிறார். நான் கால்களை அறுத்துவிட்டு, அடியிலும் பின்பக்கத்திலும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டியிருக்கிறேன். முன்பக்கத்துக்கு மறுபடியும் புதுப் பலகை, மறுபடியும் தேயிலைச் சாறு. விரல் எல்லாம் கறுத்துவிட்டது.

மிதக்கிறது. ஆனால் கேமரா பார்க்கிற பக்கம் பலகைக் கனத்தால் சாய்கிறது. மூன்று தடவை மாற்றிக் கட்டிவிட்டேன். மூன்று தடவையும் சாய்ந்தது. முந்தாநாள் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஆசிப் டீயோடு வந்தவன், பார்க்காதவன் மாதிரி அதைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத் தூக்கம் இல்லை. பெயர் போட்டு வருகிற முதல் படம் இப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு எங்கே வலிக்கிறது என்று காட்ட மாட்டேன் என்றீர்களே, இங்கேதான்.

கீழே படம் வரைந்திருக்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

வாணி


உசிலம்பட்டி,
27.11.2025

அன்புள்ள வாணிக்கு,

என்னைக் கேட்டுவிட்டாய். படத்தைச் சுவரில் ஒட்டி நேராகப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன், காளையிடமும் காட்டினேன். இத்தனை வருஷம் கேட்காமலே அள்ளி அள்ளிக் கொடுத்தவன், நீ கேட்கிறபோது கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குத் தெரியவில்லை, வாணி.

ஆனால் ஒன்று. நேரில் பார்க்காமல் நான் எந்த உருப்படிக்கும் மருந்து எழுதுவதில்லை.

பீமா


ஆனையூர்,
9.12.2025

மாமா,

தெரியவில்லை என்று நீங்கள் எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தக் கடிதத்தைக் கனகலட்சுமி மேடத்திடம் காட்டலாமா என்று நினைத்தேன். வேண்டாம், என்னிடமே இருக்கட்டும்.

வெள்ளக் காட்சியைப் பதினாறாம் தேதி எடுக்கிறார்கள். அன்றைக்குத்தான் கோர்ட்டும். நான் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. படப்பிடிப்பை ஒரு நாள் தள்ளி வையுங்கள் என்று இயக்குநரைக் கேட்டிருந்தால் வைத்திருப்பார். நான் கேட்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வராவிட்டால் அவர்கள் விவாகரத்து கொடுக்க மாட்டார்கள். வேறு தேதி கேட்பதென்றால் அது உங்கள் விருப்பம். நான் உங்களைத் தடுக்க மாட்டேன். தடுக்கவும் தெரியாது. நாம் மறுபடியும் கத்திக்கொள்ள மாட்டோம் என்று என்னால் சத்தியம் செய்யவும் முடியாது.

கண்மாய்க்கு வருவதாக இருந்தால் விடிவதற்குள் வந்துவிடுங்கள். முன்பக்கம் கேமரா நிற்கும். அங்கே யாருக்கும் இடம் இல்லை. பின்பக்கம்தான் வர வேண்டும். அங்கே பார்க்க ஒன்றுமே இருக்காது. பீப்பாயும் கயிறும் நானும்தான். சாய்மானத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். பின்னால் கேமராவுக்குத் தெரியாமல் ஆள் உட்கார்ந்தால் படகு நேராக நிற்கிறது. நான் ஒருத்தி உட்கார்ந்து பார்த்தேன், கனம் போதவில்லை. ஆசிப் தானும் ஏறுகிறேன் என்றான். வேண்டாம், ஆள் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாட்டாஸ்பத்திரி ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாருங்கள். கரையில் சேறு முழங்கால்வரைக்கும் இருக்கிறது.

வாணி